மலைக்கோட்டையில் கோட்டை எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் திருச்சி மலைக்கோட்டையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அது சாமி இருக்கும் மலை மட்டுமில்லை, சில காலம் சிப்பாய்கள் குடியிருந்த மலையும்கூட என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினம் வரை எல்லா ஊர்க்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய காலத்தில் பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே கூட்டிக்கொண்டு போனவன் நான். அதனால் இந்த இதழை மலைக்கும் அதைச் சேர்ந்த இடங்களுக்கும் கொடுத்துவிடுகிறேன்.

ஐயா, எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. அதனாலேயே பிள்ளைகளை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது பெரியவன், ‘கோட்டை எங்கேப்பா?’ என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகர், கும்பகோணம்

உங்கள் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. கோட்டையை மலைமேல் தேடினால் கிடைக்காது. அது அடியில், ஊரைச் சுற்றி இருந்தது. நீங்கள் சின்னக்கடை வீதியில் நடந்து மாணிக்க விநாயகர் சந்நிதிக்கு வருவதற்குள்ளேயே கோட்டைக்குள் வெகுதூரம் வந்துவிட்டீர்கள்.

மதுரை நாயக்கர்கள் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் எழும்பிய கோட்டை அது. விசுவநாத நாயக்கர் கட்டியது என்பார்கள். தெப்பக்குளத்தையும் அவர் பெயரிலேயே சொல்வார்கள். அகலத்தைவிட நீளம் கூடுதலான பெரிய செவ்வகம். மதில் ஒன்றல்ல, இரண்டு. வெளிமதில் ஏறத்தாழ 18 அடி உயரம், உள்மதில் ஏறத்தாழ 30 அடி. இரண்டுக்கும் நடுவே ஆள் நடமாட இடம். வெளியே 30 அடி அகலத்துக்கு அகழி. அந்தச் செவ்வகத்துக்குள் வீடு, கடைவீதி, குளம், அரண்மனை எல்லாம் அடங்கியிருந்தன. அவற்றோடு 83 மீட்டர் உயரத்துக்கு இந்த ஒற்றைப் பாறையும்.

உச்சிப் பிள்ளையார் சந்நிதியைச் சுற்றி வரும்போது நீங்கள் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கம், இன்னும் அப்பால் கொள்ளிடம். தெற்கே பொன்மலை வரை வெட்டவெளி. அன்றைக்கு இத்தனை கட்டடம் கிடையாது. எந்தப் பக்கமிருந்து படை வந்தாலும், புழுதி கிளம்பும்போதே மேலே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். இந்தப் பாறை கையில் இருந்தால்தான் ஊர் கையில் இருக்கும். ஊர் கையில் இருந்தால்தான் தஞ்சாவூருக்குப் போகும் தண்ணீரும் வழியும் கையில் இருக்கும். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டில் அத்தனை பேர் இதற்காக அடித்துக்கொண்டார்கள். 1741-இல் மராத்தியர்கள் வந்து, அப்போது திருச்சியை ஆண்ட சந்தா சாகிப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1743-இல் ஐதராபாத் நிஜாம் வந்தார். 1751-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் போட்டி; முகமது அலி உள்ளே அடைபட்டிருக்க, சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் வெளியே முற்றுகை போட்டார்கள். முகமது அலிக்குத் துணை நின்ற ஆங்கிலேயர்களின் தளபதி ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததே இந்த முற்றுகையைத் தளர்த்தத்தான். மறுவருஷம் ஜூனில் பிரெஞ்சுப்படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் சிக்கித் தலையை இழந்தார். அவருடைய சமாதி திருச்சி நத்தர்வலி தர்காவில் இருக்கிறது.

சரி, அத்தனை பெரிய கோட்டை எங்கே போயிற்று? சண்டை ஓய்ந்தது. படை ஊருக்கு வெளியே கண்டோன்மென்ட்டுக்குப் போய்விட்டது. ஊருக்குக் காற்றும் வழியும் வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துவிட்டார்கள். தூர்த்த அகழிதான் இன்றைக்கு மேலப்புலிவார்டு ரோடு. அங்கே டவுன் பஸ்ஸில் போகிறவர் எல்லாம் அந்தக் காலத்து அகழிமேல்தான் போகிறார். மேற்கு வாசல் மட்டும் தப்பியது. அதுதான் மெயின்கார்டு கேட். கண்டக்டர் அந்தப் பெயரைக் கூவிக் கூவி நமக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பாகவே ஆகிவிட்டது. அடுத்த தடவை போனால் அங்கே இறங்கி, வளைவுக்கு அடியில் பையனை நிறுத்தி, சுவரில் கை வைக்கச் சொல்லுங்கள். கனம் என்றால் என்ன என்று அவனுக்குப் புரியும். அப்புறம் அவனிடம் சொல்லுங்கள், ‘இதுதாண்டா கோட்டை’ என்று.

மலைமேல் கோயில்தான் முதலிலா, படைதான் முதலிலா? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்தது.
– ஒரு வாசகி, பாபநாசம்

கோயில்தான் அம்மா, சந்தேகமே வேண்டாம். கோட்டைக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது அது. தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு குடைவரை இருக்கிறது. பலபேர் மூச்சு வாங்கிக்கொண்டு அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கங்காதரர். கங்கை மேலிருந்து கைகூப்பியபடி இறங்கி வருகிறாள். சிவன் தன் சடையில் ஒரு புரியைக் கையால் இழுத்துப் பிடித்து அவளுக்கு இடம் கொடுக்கிறார். சுற்றிலும் அடியார்கள். கொஞ்ச நேரம் நின்று கண் பழகியதும் அந்த விரல்களைப் பாருங்கள். அத்தனை பெரிய ஆற்றைப் பிடிக்கும் கை, ஒரு பூவைப் பிடிப்பது போல் இருக்கும்.

பக்கத்துத் தூண்களில் மகேந்திரனின் கல்வெட்டு இருக்கிறது. காவிரிக்கரைக்காரர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சிவன் ஆறுகளிடம் பிரியம் உள்ளவர். காவிரியின் அழகைப் பார்த்து அவளையும் விரும்பிவிடுவாரோ என்று மலைமகளுக்குச் சந்தேகம் வந்ததாம். அதனால் பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஒரு ராஜா தன் நாட்டு எல்லையைச் சொல்வதற்கு இவ்வளவு அழகான வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடிவாரத்தில் கீழ ஆண்டார் வீதிப் பக்கம் இன்னொரு குடைவரை இருக்கிறது. அது பாண்டியர் காலம், 8-ஆம் நூற்றாண்டு. இரண்டுக்கும் நடுவில் வந்து திருஞானசம்பந்தர் பாடிவிட்டுப் போனார். சிப்பாய்கள் வந்தது வெகுகாலம் கழித்து. வந்தார்கள், இருந்தார்கள், போய்விட்டார்கள். பூசை இன்றைக்கும் நடக்கிறது. உங்கள் வீட்டில் யார் ஜெயித்தது என்று எழுதுங்கள்.

திருச்சிக்காகச் சண்டை போட்டவர்கள் எங்கள் காவிரிக் கரையை வெட்டிவிட்டார்கள் என்று தாத்தா சொல்வார். நடந்ததா, கதையா?
– ஒரு விவசாயி, திருக்காட்டுப்பள்ளி

நடந்ததுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1752-இல் மைசூர்ப் படையின் தலைவர் நஞ்சராஜர் முகமது அலிக்கு உதவிக்கு வந்தார். ஜெயித்தால் திருச்சியை உங்களுக்கே தருகிறேன் என்று முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு தரவில்லை. நஞ்சராஜர் கோபத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். தஞ்சாவூர் ராஜா பிரதாபசிங் எந்தப் பக்கம் சேருவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். 1754 மே மாதம், தஞ்சாவூரைப் பணியவைக்க வேண்டும் என்று பிரெஞ்சு – மைசூர்ப் படை கோவிலடிக்கு வந்தது. அப்பக்குடத்தான் கோயில் இருக்கும் அதே கோவிலடி. அங்கே அப்போது ஒரு சிறு கோட்டை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, காவிரியையும் கொள்ளிடத்தையும் பிரித்து நிறுத்தும் பெரிய கரையை வெட்டினார்கள்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் இரண்டு ஆறும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வு. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் தண்ணீர் தானாகவே பள்ளத்தைப் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கி, ஒரு வயலையும் நனைக்காமல் நேரே கடலுக்குப் போய்விடும். கல்லணையும் அதைச் சேர்ந்த கரைகளும் இதைத் தடுக்கத்தான் இருக்கின்றன. ஆகவே தஞ்சாவூரைத் தோற்கடிக்கப் பீரங்கி தேவைப்படவில்லை, மண்வெட்டி போதுமாக இருந்தது. அதுவும் மே மாதத்தில். அடுத்த மாதம் புதுத்தண்ணீர் வர வேண்டிய நேரம். நாற்றங்கால் கனவோடு இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது நம் வயிற்றில் புளி கரைத்ததே, அதை நினைத்தால் கொஞ்சம் விளங்கும். அந்த வருஷமே உடைப்பை அடைத்துவிட்டார்கள். ஆனால் மண் சுமந்தவர்களுக்குப் படைக்காவல் போட்டுத்தான் வேலை நடந்தது.

இந்தச் சண்டைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கிளைவ் என்ன செய்தார், இன்னொரு ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் என்ன செய்தார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கரை வெட்டியதற்கு ஒரு பத்தி ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் போரில் டெல்டாவுக்கு நடந்த பெரிய விஷயம் அந்த ஒரு பத்திதான். தாத்தா சொன்னதை நீங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

மனோராவும் கோட்டைதானே?
– ஒரு கல்லூரி மாணவர், பட்டுக்கோட்டை

இல்லை தம்பி. சுற்றி மதிலும் அகழியும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சரபேந்திரராஜன்பட்டினத்தில் நிற்கும் அந்த எட்டு அடுக்கு அறுகோணக் கட்டடம், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814-இல் தொடங்கிக் கட்டிய நினைவுக் கோபுரம். கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. அங்கே ஒரு குண்டும் வெடித்ததில்லை.

என் தாத்தாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஒர்க்ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றியபோது குடும்பமே கிளம்பியது. பொன்மலை என்பது சண்டை நடந்த மலையா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

அதே பொன்மலைதான். 1753 ஜூன் 26-ஆம் தேதி அங்கே நடந்த சண்டை சரித்திரத்தில் பெயர் பெற்றது. திருச்சிக் கோட்டைக்குள் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். வெளியே பொன்மலைப் பாறையில் ஆங்கிலேயர்கள் வைத்திருந்த சிப்பாய்க் காவலைப் பிரெஞ்சுக்காரர்கள் அடித்துப் பிடித்துவிட்டார்கள். ஸ்ட்ரிங்கர் லாரன்ஸிடம் ஆள் குறைவு. பாறை போனால் எல்லாம் போயிற்று என்று தெரிந்து, ஒரு சிறு கூட்டத்தை நேராகப் பாறைமேல் ஏறவிட்டு அதைத் திருப்பிப் பிடித்தார். மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், இன்னொரு பாறைக்கு அருகே இன்னொரு பெரிய சண்டை. திருச்சியைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்னப் பாறைகளுக்கெல்லாம் இப்படி ஒரு கதை உண்டு. உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலிலும் அந்த நாட்களில் படை இருந்திருக்கிறது.

தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை 1926 – 28 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது. துறைமுக ஊரில் தலைமுறையாக இரும்பு அடித்தவர்கள் குடும்பம் குடும்பமாக மேற்கே போனார்கள். நாகப்பட்டினத்துக்கு அது பெரிய அடி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் ஆற்றாமையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் போர்க்களத்துக்கு அவர்கள் கொடுத்த வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். பீரங்கி வண்டி உருண்ட மண்ணில் நீராவி எஞ்சினைப் பிரித்துக் கோத்தார்கள், வரிசை வரிசையாக வீடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சந்தை வந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் ஒருவர் என்பது சின்ன விஷயமில்லை. அவருடைய வேலைச் சீட்டோ, போட்டோவோ வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். பரணில் போட்டுவிடாதீர்கள்.

நம் டெல்டாவில் மலையே இல்லையே, படைக்காரர்கள் உயரத்துக்கு என்ன செய்தார்கள்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

கோபுரத்தில் ஏறினார்கள். சண்டைக்கு மட்டுமல்ல, அளப்பதற்கும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் தென்னாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்து வந்தவர். 1808-இல் தஞ்சாவூருக்கு வந்தார். சமவெளியில் தூரத்துப் புள்ளி தெரிய வேண்டுமே. அதனால் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு நழுவியது. கருவி கல்லில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் மனம் தளராமல் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். அந்த மனுஷனின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

பழைய கோட்டைக் கட்டடங்களில் விடுதி நடத்துவதும் ஆபீஸ் நடத்துவதும் சரியா? பூட்டிப் பாதுகாப்பதுதானே நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, லால்குடி

உங்கள் அக்கறை புரிகிறது அம்மா. ஆனால் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். திருச்சிக் கோட்டைக்குள் இன்று மிஞ்சியிருப்பவற்றைப் பாருங்கள். சொக்கநாத நாயக்கரின் தர்பார் மண்டபம், ராணி மங்கம்மாள் மஹால் என்ற பெயரில், அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. தெப்பக்குளத்துப் பக்கம் கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு, செயின்ட் ஜோசப் கல்லூரியின் விடுதியாக இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-இல் கட்டிய கிறைஸ்ட் சர்ச்சில் இன்னும் ஆராதனை நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. தினமும் யாரோ ஒருவர் கதவைத் திறக்கிறார். ஒழுகினால் ஒருவருக்குத் தெரிகிறது. பூட்டிய கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் கைப்பிடிச்சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைக்கும். பறவை போட்ட விதை. முதல் வருஷம் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். நாலு வருஷம் விட்டால் வேர் கல்லையே பிளந்துவிடும். பயன்பாடில்லாத மதிலும் அகழியும் என்ன ஆயின என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஆனால் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் நான் கறார்தான். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கிளப்பி, செங்கலை மாவாக உதிர்க்கும். டெல்டாவில் ஒரு பழைய சத்திரத்தில், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த இடத்தில், இதை நானே பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் சிமென்ட் பூசியிருந்தார்கள். சில வருஷத்தில் பூச்சு பலகை பலகையாக விழுந்தது. பின்னால் செங்கலை விரலால் சுரண்டினால் சிவப்புத் தூளாகக் கையில் வந்தது. பக்கத்தில் தொடாமல் விட்ட சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஏசிக்காகச் சுவரைக் குடைவது, தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பது, முகப்பை விளம்பரத் தட்டியால் மூடுவது, இவையும் அதே ரகம்.

இன்னொன்றும் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தமிழில் ஒரு பலகை. ‘இது முன்பு இன்னதாக இருந்தது, இந்த வருஷத்திலிருந்து இன்னதாக இருக்கிறது’ என்று இரண்டே வரி. அகழிமேல் ஓடும் ரோட்டுக்கும் ஒன்று. கோட்டைக்கு வருகிற பிள்ளை யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

பிள்ளைகளோடு ஒரே நாளில் எல்லாம் பார்க்க வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், திருவாரூர்

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். மெயின்கார்டு கேட்டில் தொடங்குங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு மாணிக்க விநாயகர் வாசல் வழியே ஏறுங்கள். தாயுமானவரைக் கும்பிட்டுவிட்டுப் பல்லவர் குடைவரையில் நன்றாக நின்று பாருங்கள், அப்புறம் உச்சி. இறங்கி, சாப்பிட்டுவிட்டு, கீழ ஆண்டார் வீதிப் பக்கத்துக் குடைவரையும் அருங்காட்சியகமும். ஒன்று மட்டும் கவனம், அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் திறக்க மாட்டார்கள்.